ஆட்டுக்குக் குடற்புழு நீக்கம்: கண் பார்த்து, எடை போட்டு, அளந்து கொடுக்கும் முறை

ஐப்பசி மழை பிடித்து மூன்று வாரம் ஆனதும் எனக்கு வரும் போன்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, பூச்சி மருந்து போன மாசம்தான் குடுத்தேன், ஆனாலும் குட்டிக்குத் தாடை வீங்கிக் கெடக்கு." மருந்து கொடுத்தது உண்மைதான். எத்தனை மில்லி, ஆட்டின் எடை என்ன, பாட்டிலில் எத்தனை சதவீதம் என்று போட்டிருந்தது என்று கேட்டால் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும்.

விளாத்திகுளம் பக்கம் கன்னி என்ற இன வெள்ளாடும் கொஞ்சம் செம்மறியும் வைத்திருக்கிறேன். புதிதாக ஆடு வாங்கியவர்களோடு அவர்களின் முதல் மழைக்காலம் முழுக்கக் கூட நின்று பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இது: பெரும்பாலோர் தவறுவது மருந்தில் இல்லை, வேலையின் வரிசையில். மருந்து இந்த வரிசையில் ஆறாவதாக வருகிறது. முதல் ஐந்தையும் விட்டுவிட்டு நேராக அங்கே போனால் காசும் போகும், குட்டியும் போகும்.

1. எந்தப் புழு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

குடற்புழு என்று ஒரே பெயரில் சொல்கிறோம். ஆனால் உருண்டைப்புழு, நாடாப்புழு, தட்டைப்புழு மூன்றும் வேறு வேறு. ஒன்றைக் கொல்லும் மருந்து இன்னொன்றைத் தொடாது. ஐவர்மெக்டின் ஊசி உருண்டைப்புழுவுக்குத்தான்; நாடாப்புழுவையும் தட்டைப்புழுவையும் அது ஒன்றும் செய்யாது.

மழைக்காலத்தில் நம் ஆடுகளைக் கொல்வது பெரும்பாலும் ஹீமான்கஸ் என்ற உருண்டைப்புழு. செத்துப்போன என் குட்டி ஒன்றைக் கால்நடை மருத்துவர் அறுத்து நாலாவது வயிற்றைத் திறந்தபோது முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை, கலங்கிய தண்ணீர்தான். அதை மெதுவாக அலசியதும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய தையல் நூல் போல, ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், நூற்றுக்கணக்கில் நெளிந்தன. சிவப்பு, அது குடித்த ரத்தம். வெள்ளை, அதன் கர்ப்பப்பை.

ஒரு புழு நாளைக்குச் சுமார் 0.05 மி.லி. ரத்தம் எடுக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மி.லி. ஒரு 20 கிலோ ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டருக்குள்தான். பெண் புழு ஒன்று நாளைக்கு 5,000க்கு மேல் முட்டையிடும். வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் அந்த முட்டை பொரித்து, புல்லில் ஏறக் காத்திருக்கும் இளம்புழுவாகிவிடும். ஆடு அதைத் தின்ற மூன்றாவது வாரத்தில் அடுத்த முட்டை வெளியே வரும்.

இங்கே ஒரு பெரிய ஏமாற்றம் உண்டு. ஹீமான்கஸ் பெரும்பாலும் கழிச்சலைக் காட்டாது. புழுக்கை கெட்டியாகவே விழும், ஆடு உள்ளுக்குள் வெளுத்துக்கொண்டே போகும். கழிச்சல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். ரத்தம் குறைவதால் வரும் தாடை வீக்கத்தைச் சாயங்காலம் பாருங்கள். நாள் முழுக்கத் தலை குனிந்து மேய்ந்து வரும்போது நன்றாகத் தெரியும், காலையில் வடிந்திருக்கும்.

புழுக்கையில் அரிசி அரிசியாக ஒட்டியிருப்பது நாடாப்புழுவின் துண்டுகள். கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். குட்டிகளில் வளர்ச்சி குறையும், வயிறு உப்பும்; ஆனால் ஆட்டைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத ஹீமான்கஸ்தான். தட்டைப்புழு நத்தை வழியாக வருவது, ஆகவே கண்மாய் ஓரமும் நெல் தரிசும் மேயும் ஆடுகளுக்கு வரும்.

ஒன்று முதல் மூன்று மாதக் குட்டிக்கு ரத்தக் கழிச்சல் என்றால் அது புழுவாக இல்லாமல் ரத்தக் கழிச்சல் நோயான காக்சிடியாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்குப் பூச்சி மருந்து எவ்வளவு கொடுத்தாலும் கேட்காது. மருத்துவரிடம் போய்விடுங்கள்.

2. முந்தின நாளே எடுத்து வைக்க வேண்டியவை

தொங்கு தராசும் ஆட்டைத் தூக்க ஒரு சாக்கும், அல்லது தையல்காரர் அளவு டேப். ஊசி கழற்றிய 20 மி.லி. சிரிஞ்ச் ஒன்று. மருந்து கொடுத்த ஆட்டுக்கு அடையாளம் வைக்கச் சாயம். சிறு பாலித்தீன் கவர்கள். ஒரு நோட்டு. காதில் எண் வில்லை போட்டிருந்தால் நல்லது, இல்லையென்றால் ஆட்டின் அடையாளத்தை எழுதுங்கள்.

நோட்டு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். கடைசிப் படி முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது.

3. கண்ணிமையைத் திறந்து பாருங்கள்

ரத்தம் குறைந்ததைக் காட்டும் இடம் கீழ் இமையின் உட்புறம். தென்னாப்பிரிக்காவில் இதற்காகவே ஃபமாச்சா என்ற வண்ண அட்டையை உருவாக்கினார்கள். நல்ல சிவப்புக்கு 1, வெள்ளைக்கு 5. அட்டை கிடைத்தால் அதை வைத்தே பாருங்கள். ஞாபகத்தில் இருக்கும் சிவப்பு ஆளுக்கு ஆள் மாறும்.

பார்க்கும் முறை இது. ஆட்டை வெயில் வெளிச்சத்தில் நிறுத்துங்கள், கொட்டகை நிழலில் வேண்டாம். ஒரு கட்டைவிரலால் மேல் இமையை இறக்கிக் கண்ணை மூடி, விழியை லேசாக உள்ளே அழுத்துங்கள். அப்படியே இன்னொரு கட்டைவிரலால் கீழ் இமையைக் கீழே இழுங்கள். உட்சதை தானாகப் பிதுங்கி மேலே வரும். அதில் அதிகம் சிவந்த இடத்தின் நிறம்தான் கணக்கு. உடனே பார்த்துவிட்டு விடுங்கள். பிடித்துக்கொண்டே இருந்தால் நிறம் மாறிவிடும். இரண்டு கண்ணும் பாருங்கள்.

புதியவர்கள் செய்வது, வெறுமனே கீழ் இமையை இழுத்து விளிம்பைப் பார்ப்பது. விளிம்பு எப்போதும் வெளிறித்தான் இருக்கும். மேல் இமையை அழுத்தாமல் உட்சதை வராது.

1, 2 என்றால் மருந்து வேண்டாம். 4, 5 என்றால் அன்றைக்கே கொடுக்க வேண்டும். 3 இடைநிலை. வெள்ளாடு, குட்டி, சினை ஆடு, பால் கொடுக்கும் ஆடு இவற்றில் 3 வந்தால் நான் கொடுத்துவிடுவேன். தேறிய செம்மறிக் கிடாவாக இருந்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பேன்.

மழைக்காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை, வெயில் காலத்தில் மாதம் ஒருமுறை போதும். 20 ஆட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அதோடு தாடையைத் தடவுங்கள், முதுகெலும்பில் விரலை ஓட்டிச் சதை இருக்கிறதா என்று பாருங்கள், வால் அடியில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இமை வெளுப்பு ரத்தம் குடிக்கும் புழுவைத்தான் காட்டும். கழிச்சலால் மெலிய வைக்கும் மற்ற உருண்டைப்புழுக்களை இந்த மூன்றும்தான் காட்டிக்கொடுக்கும்.

5 வந்த ஆட்டை விரட்டிப் பிடிக்காதீர்கள், மந்தையோடு மேயவும் அனுப்பாதீர்கள். அதன் உடம்பில் ஓடுவதற்கு ரத்தம் இல்லை. நான்கு பேர் துரத்திப் பிடித்ததில், மருந்து வாயில் போகுமுன்னே விழுந்து செத்த ஆட்டைப் பார்த்திருக்கிறேன். கொட்டகையிலேயே நிறுத்தி, அகத்தியும் கடலைப் புண்ணாக்கும் தண்ணீரும் பக்கத்தில் வையுங்கள்.

4. புழுக்கையைச் சோதனைக்குக் கொடுங்கள்

இமை ரத்தம் குறைந்ததைச் சொல்லும், எந்தப் புழு என்று சொல்லாது. தட்டைப்புழுவும் ரத்தத்தைக் குறைக்கும். புழுக்கைச் சோதனையில்தான் எந்த முட்டை, கிராமுக்கு எத்தனை என்று தெரியும். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் மாவட்டத்தின் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு வழிகாட்டுவார்கள்.

10 ஆட்டிலாவது எடுங்கள். கையுறை அல்லது கவரை விரலில் மாட்டிக்கொண்டு ஆசனவாயிலிருந்தே நேராக எடுக்க வேண்டும். தரையில் கிடப்பதை எடுத்தால் மண்ணில் இருக்கும் வேறு புழுக்களும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும், எந்த ஆட்டுடையது என்றும் தெரியாது. காற்று இல்லாமல் கவரை முடிந்து, எண் எழுதி, ஐஸ் வைத்த டப்பாவில் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். வெயிலில் வைத்திருந்தால் முட்டை பொரித்துவிடும். பிறகு எண்ண ஒன்றும் இருக்காது.

5 வந்த ஆட்டுக்கு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். புழுக்கையை எடுத்துக்கொண்டு மருந்தைக் கொடுத்துவிடுங்கள்.

5. எடை போடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள். கண்ணால் பார்த்து 20 கிலோ என்று சொன்ன பெட்டையைத் தராசில் தொங்கவிட்டால் 28 நிற்கும். அந்த 8 கிலோவுக்குக் குறைந்த மருந்தில் பலவீனமான புழு சாகும், திடமான புழு தப்பும். தப்பிய புழுதான் அடுத்த மழைக்கு முட்டையிடும். இப்படி நாலைந்து வருடம் போனால் உங்கள் மந்தையில் அந்த மருந்துக்கு வேலையே இருக்காது.

தராசு இல்லையென்றால் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்தது ஒன்று, தோள்பட்டை முனையிலிருந்து பின் இடுப்பெலும்பு முனைவரை நீளம் இன்னொன்று. இரண்டும் அங்குலத்தில். மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வரும். மார்பு 28, நீளம் 25 என்றால் 28 × 28 × 25 = 19,600. வகுத்தால் ஏறத்தாழ 30 கிலோ. நிறைசினை ஆட்டுக்கு இது சரியாக வராது, தராசுதான் வேண்டும்.

எல்லா ஆட்டையும் எடை போட முடியாது என்றால் குட்டி, நடுத்தரம், பெரியது என்று பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் அதிக எடை உள்ளதை எடை போட்டு அந்தக் கணக்கில் கொடுங்கள். சராசரி எடையில் கொடுத்தால் பாதி ஆடுகளுக்குக் குறைந்துவிடும். லெவாமிசோல், குளோசாண்டல் என்ற இரண்டு பூச்சி மருந்துகளுக்கும் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அளவு மீறினால் முதலாவதில் எச்சில் ஒழுகி நடுக்கம் எடுக்கும், இரண்டாவதில் கண் பார்வை போகும். அவற்றுக்கு ஒவ்வொரு ஆடாக எடை பாருங்கள்.

6. மருந்தும் அளவும்

பாட்டிலில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அல்பெண்டசோலும் பென்பெண்டசோலும் ஒரே குடும்பம். போன தடவை ஒன்று, இந்தத் தடவை இன்னொன்று என்று கொடுத்தால் மருந்தை மாற்றியதாக ஆகாது. புழுவுக்கு இரண்டும் ஒன்றுதான். லெவாமிசோல் வேறு குடும்பம், ஐவர்மெக்டின் வேறு குடும்பம், குளோசாண்டல் வேறு குடும்பம். நாடாப்புழுவுக்கு அல்பெண்டசோல், பென்பெண்டசோல் அல்லது பிராசிகுவாண்டல். ஈரல் தட்டைப்புழுவுக்கு டிரைகிளாபெண்டசோல், வயிற்றுத் தட்டைப்புழுவுக்கு ஆக்சிகுளோசனைடு. உங்கள் சோதனை முடிவைக் காட்டி மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

அடுத்து சதவீதம். அல்பெண்டசோல் 2.5 சதவீதத்திலும் 10 சதவீதத்திலும் வருகிறது. 2.5 சதவீதம் என்றால் 1 மி.லி.யில் 25 மி.கி., 10 சதவீதம் என்றால் 100 மி.கி. ஒன்றுக்குப் பழகிய கை இன்னொன்றை அதே அளவில் ஊற்றினால் நாலில் ஒரு பங்கு போகும், அல்லது நாலு மடங்கு போகும்.

அல்பெண்டசோல் செம்மறிக்கு உருண்டைப்புழுவுக்குக் கிலோவுக்கு 5 மி.கி., நாடாப்புழுவுக்கு 7.5 மி.கி. வெள்ளாட்டுக்கு 10 மி.கி. வேண்டும். வெள்ளாட்டின் உடம்பு இந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும். செம்மறி அளவு அதற்குப் போதாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 30 கிலோ வெள்ளாட்டுக்கு 300 மி.கி., அதாவது 2.5 சதவீத மருந்தில் 12 மி.லி. வழக்கமாக ஊரில் எல்லா ஆட்டுக்கும் ஊற்றும் 5 மி.லி.யில் இருப்பது 125 மி.கி. பாதிகூட இல்லை. "மருந்து கேட்கல" என்று எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் முடிகின்றன.

சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது, கரு கெடும். கிடா மந்தையோடவே திரிகிறது, எப்போது சினை பிடித்தது என்று தெரியாது என்றால் பென்பெண்டசோல் பக்கம் போங்கள்.

7. புகட்டும் முறை

காலையில் மேய்ச்சலுக்கு அவிழ்க்குமுன் கொடுங்கள். இரவெல்லாம் வயிறு கொஞ்சம் காலியாக இருக்கும்; மருந்து மெதுவாக நகர்ந்து புழுவோடு அதிக நேரம் தங்கும். இதற்காக மெலிந்த ஆட்டையும் நிறைசினையையும் பட்டினி போட வேண்டாம், தண்ணீரையும் யாருக்கும் நிறுத்த வேண்டாம்.

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதல் ஆடுகளுக்குத் தண்ணீரும் கடைசி ஆட்டுக்கு மருந்தும் போகும். ஒவ்வொரு ஐந்து ஆட்டுக்கும் ஒருமுறை மறுபடி குலுக்குங்கள்.

தலையை மேலே தூக்காதீர்கள். மூக்கு கண்ணுக்கு நேராக இருந்தால் போதும். அண்ணாந்த நிலையில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும், மூன்றாம் நாள் சளியும் மூச்சுத்திணறலுமாக ஆடு படுத்துவிடும். கடைவாயில் பல் இல்லாத இடைவெளி வழியாகச் சிரிஞ்சை நுழைத்து, நாக்கின் பின்பகுதிக்கு மேல் மெதுவாக விடுங்கள். இருமினால் உடனே நிறுத்திவிட்டு, விழுங்கிய பிறகு மிச்சத்தைக் கொடுங்கள். முடிந்ததும் சாயத்தால் ஒரு கோடு. நோட்டில் தேதி, ஆடு, எடை, இமை எண், மருந்து, அளவு.

8. எல்லா ஆட்டுக்கும் கொடுக்காதீர்கள்

இதைச் சொன்னால் பலருக்கும் மனசு ஒப்பாது. மருந்து படாத புழு கொஞ்சம் மேய்ச்சலில் இருந்தே ஆக வேண்டும். காரணம் இது: மருந்துக்குச் சாகாமல் தப்பிய புழு, சாகக்கூடிய புழுவோடு கலந்தால்தான் அடுத்த தலைமுறையிலும் மருந்து வேலை செய்யும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றினால் மேய்ச்சலில் முட்டையிட மிஞ்சுவது தப்பிய புழு மட்டும்.

சித்திரை, வைகாசியில் மந்தை முழுக்க மருந்து ஊற்றுவது இதனாலேயே ஆபத்தானது. அந்த வெயிலில் தரையில் இளம்புழு காய்ந்து செத்திருக்கும், கலப்பதற்கு ஆளே இருக்காது. இமை சிவந்து, உடல் தேறிய ஆடுகளை விட்டுவிடுங்கள்.

எப்போது அதிகம் கவனிக்க வேண்டும் என்றால், மழை தொடங்கும் புரட்டாசி இறுதியிலிருந்து மார்கழி வரை. அடுத்து, கண்மாய் வற்றி ஓரத்தில் பச்சை முளைக்கும் தை, மாசியில் தட்டைப்புழு. குட்டி போடுவதற்கு இரண்டு வாரம் முன்பும், போட்டு ஒரு மாதம் கழித்தும் தாயைப் பாருங்கள். அந்தச் சமயத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி இறங்கி முட்டை ஏராளமாக வெளிவரும், அதே தரையில்தான் குட்டி முதல் புல்லைக் கடிக்கும்.

9. மேய்ச்சலும் கொட்டகையும்

இளம்புழு ஈரத்தில்தான் புல்லில் ஏறும், அதிலும் அடிப்பகுதியில் நாலு விரல் உயரத்துக்குள்ளேயே பெரும்பாலும் இருக்கும். பனி உலர்ந்த பிறகு அவிழ்த்துவிடுங்கள். புல் நாலு விரல் உயரத்துக்குக் குறைந்த தரையிலிருந்து ஆட்டை எடுத்துவிடுங்கள். வெள்ளாட்டுக்கு அகத்தி, வேம்பு, வேலித்தழை, கருவேலங்காய் கொடுக்கிற அளவுக்குத் தரையிலிருந்து புழு வாங்குவது குறையும்.

சொந்த மேய்ச்சல் நிலம் இருந்தால் பிரித்து மேயுங்கள். பசிபிக்கில் உள்ள டோங்கா தீவில் நிலத்தை 10 பகுதியாக்கி, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மேய்த்து, ஒரு மாதம் காலியாக விட்டதில் வெள்ளாடுகளுக்குப் புழு நன்றாகக் குறைந்தது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் இளம்புழு வேகமாக வெளிவந்து வேகமாகவே செத்தும் போகும். ஒரு வார இடைவெளியில் மாற்றினால் பயன் இல்லை. புழு ஏறிக் காத்திருக்கும் நேரத்தில் ஆட்டைக் கொண்டுபோய் விட்டதாகிவிடும்.

பரண் கொட்டகை போட்டவர்களுக்குப் புழு வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தீவனத்தைத் தரையில் போட்டாலோ, தொட்டிக்குள் குட்டி ஏறிப் புழுக்கை போட்டாலோ, மட்காத எருவைத் தீவனப்புல்லுக்குப் போட்டாலோ வரும். தண்ணீர்த் தொட்டி ஒழுகும் இடத்தில் முளைக்கும் அந்தப் பச்சைத் திட்டுதான் கொட்டகையிலேயே மோசமான இடம். ஒழுகலை அடையுங்கள், புல்லை அறுத்தெறியுங்கள்.

10. சந்தையில் வாங்கிய ஆடு

எட்டயபுரம் சந்தையில் வாங்கும் ஆட்டோடு அதன் புழுவும் வருகிறது, அந்தப் புழு எந்த மருந்துக்குப் பழகியது என்று விற்பவருக்கே தெரியாது. தனியே கட்டுங்கள். மருத்துவரைக் கேட்டு வேறு வேறு குடும்பத்து மருந்துகள் இரண்டை ஒரே நாளில் கொடுத்து, மூன்று நாள் வெளியே விடாதீர்கள். 14ஆம் நாள் புழுக்கையைச் சோதித்துவிட்டு, உங்கள் ஆடு ஏற்கெனவே மேயும் இடத்தில் விடுங்கள், புது நிலத்தில் வேண்டாம். ஆட்டுக்கொல்லி நோய்க்காக எப்படியும் மூன்று, நான்கு வாரம் தனியே வைக்கத்தான் வேண்டும்; அந்த நாட்களிலேயே இதுவும் முடிந்துவிடும்.

11. 14ஆம் நாள்

மருந்து கொடுத்த அதே ஆடுகளின் புழுக்கையை மறுபடி சோதனைக்கு அனுப்புங்கள். முதலில் கிராமுக்குச் சராசரி 1,200 முட்டை இருந்து இப்போது 60க்குள் வந்தால் 95 சதவீதம் குறைந்திருக்கிறது, மருந்து வேலை செய்கிறது. 400 இருந்தால் மூன்றில் ஒரு பங்கு தப்பியிருக்கிறது. அப்போது எடை, சதவீதம், காலாவதித் தேதி, குலுக்கியது எல்லாவற்றையும் நோட்டில் சரிபாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் குறையவில்லை என்றால்தான் குடும்பத்தை மாற்ற வேண்டும்.

இமை நிறத்தை வைத்து ஒரு வாரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். புழு செத்தாலும் ரத்தம் ஊற வாரங்கள் பிடிக்கும். ஆறாம் நாளே "இன்னும் வெளுப்பாத்தான் இருக்கு" என்று மறுபடி ஊற்றுகிறவர்கள் நிறைய. அந்த நாட்களில் ஆட்டுக்கு வேண்டியது புண்ணாக்கும் தாது உப்பும். இறைச்சிக்கு விற்கும் ஆடாக இருந்தால் லேபிளில் போட்டிருக்கும் நாட்கள் கழிந்த பிறகே விற்க வேண்டும். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் விற்பவர்கள் இதைப் பின்னோக்கி எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி முடிந்ததும் நோட்டைப் புரட்டுங்கள். சில ஆடுகளுக்கு அந்த மழைக்காலத்தில் ஒருமுறைகூட மருந்து விழுந்திருக்காது, சிலவற்றுக்கு மூன்று, நான்கு முறை விழுந்திருக்கும். மந்தையின் புழுவில் பெரும்பங்கு இந்தச் சில ஆடுகளின் வயிற்றில்தான் இருக்கிறது, அந்தப் பலவீனம் குட்டிக்கும் இறங்கும். அவற்றை விற்றுவிடுங்கள். பொலிகிடாவுக்கு, மருந்தே விழாத தாயின் குட்டியாகப் பார்த்து நிறுத்துங்கள்.